தோற்காத குதிரைதான் சாம்பியனா?

2012 ஜூன் மாதம். இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்தில், ஒரே வாரத்துக்குள், அதுவரை தோல்வியே பார்க்காத இரண்டு குதிரைகள் ஓடின. செவ்வாய்க்கிழமை நடந்த குயீன் ஆன் ஸ்டேக்ஸில் ஃபிராங்கெல் 11 லென்த், அதாவது பதினொரு குதிரை நீள, வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்கு அது 11-வது வெற்றி. சனிக்கிழமை டயமண்ட் ஜூபிலி ஸ்டேக்ஸில், ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்த பிளாக் கேவியர் என்ற பெண் குதிரை தன் 22-வது வெற்றியைத் தலையளவு வித்தியாசத்தில் தப்பித்துப் பிடித்தது. ஜெயித்தாயிற்று என்று நினைத்த ஜாக்கி லூக் நோலன், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிடியைத் தளர்த்திவிட்டார். பிரான்சிலிருந்து வந்த மூன்லைட் கிளவுட் அந்த இடைவெளியில் பாய்ந்து பக்கத்தில் வந்துவிட்டது. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். பந்தயத்துக்குப் பிறகு பரிசோதித்தபோது பிளாக் கேவியருக்குத் தசை கிழிந்திருந்தது தெரியவந்தது.

இந்த இரண்டில் எது பெரிய வெற்றி என்று கேட்டால் ரேஸ் பார்க்கிறவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஃபிராங்கெல் அன்று காட்டிய வேகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பூமியின் மறுகோடியிலிருந்து வந்து, பழகாத மைதானத்தில், உடம்பில் காயத்தோடு, ஓட்டியவர் செய்த தவறையும் தாங்கிக்கொண்டு ஜெயித்த குதிரைக்கு அந்தத் தலையளவு வெற்றி சின்ன விஷயமா என்ன?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரை எத்தனை பந்தயம் ஜெயித்தது என்பதைவிட, தோற்றுப்போகக்கூடிய இடங்களுக்கு அதைக் கொண்டுபோனார்களா, அங்கே போய் அது என்ன செய்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

தோல்வியில்லாத கணக்கு என்பது பார்க்க அழகாக இருக்கும். ஹங்கேரியில் பிறந்த கின்செம் என்ற பெண் குதிரை 1876-லிருந்து 1879 வரை 54 பந்தயங்களில் ஓடி 54-லும் ஜெயித்தது. ரயிலிலும் கப்பலிலும் ஐரோப்பா முழுக்கச் சுற்றி, 1878-இல் இங்கிலாந்துக்கே வந்து குட்வுட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த மாதிரிக் கணக்குக்கு நான் தலைவணங்குவேன், ஏனென்றால் அது ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்தது. ஆனால் எல்லாத் தோல்வியற்ற கணக்கும் அப்படி வருவதில்லை. எந்தப் பந்தயத்தில் ஓடுவது, எந்தத் தூரம், எந்தத் தரை, எப்போது ஓய்வு என்று குதிரை முடிவு செய்வதில்லை. ஓனரும் டிரெயினரும் முடிவு செய்கிறார்கள். அதனால் தோற்காத கணக்கில் ஒரு பங்கு குதிரையின் திறமை, இன்னொரு பங்கு மனிதர்களின் ஜாக்கிரதை.

ஃபிராங்கெலையே எடுத்துக்கொள்வோம். 14 பந்தயம், 14 வெற்றி. ஆனால் அது பிரிட்டனை விட்டு வெளியே போனதே இல்லை. ஒன்றரை மைல் தூரம் ஓடியதும் இல்லை. அதனால் எப்சம் டெர்பியும் இல்லை, பாரிஸின் ஆர்க் பந்தயமும் இல்லை. ஒரு மைலைத் தாண்டி ஓடியது கடைசி இரண்டு பந்தயங்களில் மட்டும்தான். சேப்பாக்கத்திலேயே ஆடி எடுத்த சராசரியை வெளிநாட்டு பிட்ச்சில் ஆடி எடுத்த சராசரியோடு அப்படியே ஒப்பிட மாட்டோம் இல்லையா, அதே நியாயம்தான். இதையெல்லாம் சொல்வதால் ஃபிராங்கெலைக் குறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கண்ணுக்கு அதன் மிகப் பெரிய நாள் அந்த 11 லென்த் நாள் இல்லை. 2012 அக்டோபரில், அதே அஸ்காட்டில், மழையில் ஊறிய தரையில் ஓடிய சாம்பியன் ஸ்டேக்ஸ்தான். அன்று கேட் திறந்ததும் ஃபிராங்கெல் தாமதமாகக் கிளம்பியது. எதிரே நின்றதோ ஈரத்தரை என்றால் உயிரைக் கொடுத்து ஓடும், முந்தைய ஆண்டு அதே பந்தயத்தை ஜெயித்திருந்த சிரூஸ் தெஸ் எய்கல். தோற்க எல்லாக் காரணமும் இருந்த அந்த மதியத்தில் 1¾ லென்த்தில் ஜெயித்தது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் குதிரை யார் என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

சரி, இப்படி ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்வதை விட்டுவிட்டு எண்ணில் சொல்ல முடியாதா என்றால், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ரேட்டிங். கிண்டியில் ரேஸ் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை புரியும். ஹேண்டிகேப் பந்தயத்தில் வலுவான குதிரைக்கு எடை கூட்டி, பலவீனமானதற்குக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்ப்பார்கள். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ரேட்டிங் வரும். ஒரு குதிரை இன்னொன்றை எத்தனை லென்த்தில் ஜெயித்ததோ அதைப் பவுண்டாக மாற்றுவார்கள். 5 ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) போன்ற குறுகிய ஓட்டத்தில் ஒரு லென்த் ஏறக்குறைய 3 பவுண்டு; ஒரு மைலில் ஏறக்குறைய 2; தூரம் கூடக்கூட இன்னும் குறையும். இப்படிப் பார்த்ததில் உலகத் தரவரிசை ஃபிராங்கெலுக்கு 140 கொடுத்தது. அதற்கு முன்னால் 1986-இன் டான்சிங் பிரேவ்தான் 141-உடன் மேலே இருந்தது. 2013 ஜனவரியில் பழைய காலத்து ரேட்டிங்குகள் தாராளமாகப் போடப்பட்டவை என்று சொல்லித் திருத்தினார்கள். டான்சிங் பிரேவ் 138-க்கு இறங்க, ஃபிராங்கெல் முதலிடத்துக்கு வந்தது. குதிரை ஓடி முடித்து கால் நூற்றாண்டு கழித்து அதன் மதிப்பெண் மாறியது என்றால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

இருந்தாலும் ரேட்டிங்கில் ஒரு நல்ல விஷயம் உண்டு. தோற்ற குதிரைகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஃபிராங்கெலின் முதல் பந்தயத்தில் அரை லென்த்தில் இரண்டாவதாக வந்தது நத்தேனியல். அது பின்னாளில் கிங் ஜார்ஜ், எக்லிப்ஸ் என்ற பெரிய பந்தயங்களை ஜெயித்தது. எக்ஸெலபரேஷன் என்ற குதிரை ஐந்து முறை ஃபிராங்கெலை எதிர்த்து ஓடி ஐந்து முறையும் தோற்றது. ஃபிராங்கெல் இல்லாத இடத்தில் அதுவே ஐரோப்பாவின் முன்னணி மைல் பந்தயங்களை வரிசையாக ஜெயித்தது. ஒரு குதிரையின் பெருமையை அது ஜெயித்த கோப்பைகளில் தேடுவதைவிட, அதனிடம் தோற்றவர்கள் அடுத்தடுத்து என்ன செய்தார்கள் என்பதில் தேடினால் சரியான விடை கிடைக்கும்.

ரேட்டிங்கின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது உச்சத்தை மட்டும் அளக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் ஃப்ளைட்லைனுக்கும் அதே 140 கிடைத்தது. மொத்தமே ஆறு பந்தயம் ஓடிய குதிரை. ஆறிலும் ஜெயித்தது, பசிஃபிக் கிளாசிக்கை 19¼ லென்த்தில் ஜெயித்தது, எல்லாம் உண்மை. ஆனால் ஆறு பந்தயத்தில் ஒரு குதிரையைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? ஒரு தோல்விக்குப் பிறகு அது எப்படித் திரும்பி வரும் என்று நமக்குக் காட்டாமலேயே போய்விட்டது.

அப்புறம் கடிகாரம் இருக்கிறது. ஐரோப்பாவில் புல்தரையில் ஓடுகிறார்கள். மழை, மேடு பள்ளம், மைதானத்துக்கு மைதானம் வேறுபடும் வளைவு என்று நேரத்தை ஒப்பிடுவது கஷ்டம். அமெரிக்காவின் மண்தளத்தில், ஒரே மாதிரி வட்டப் பாதையில் ஓடும்போது கடிகாரத்துக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அங்கே கடிகாரத்தின் பேச்சு வந்தால் செக்ரடேரியட்டிடம் வந்துதான் நிற்கும்.

வர்ஜீனியாவில் 1970-இல் பிறந்த செவலைக் குதிரை. 1973-இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஜெயித்து, 25 ஆண்டுகளாக யாருக்கும் கிடைக்காத டிரிபிள் கிரவுனை எடுத்தது. மூன்றிலும் அது வைத்த நேரங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சாதனையாகவே நிற்கின்றன. பெல்மான்ட்டின் 31 லென்த் வெற்றியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் முதலில் டெர்பியைச் சொல்வேன். ஒன்றேகால் மைல் தூரத்தை ஐந்து கால் மைல்களாகப் பிரித்தால், செக்ரடேரியட் எடுத்த நேரம் முறையே 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. இந்த வரிசையை இன்னொரு முறை படியுங்கள். ஒவ்வொரு கால் மைலும் முந்தையதைவிட வேகம். குதிரைகள் அப்படி ஓடுவதில்லை. முதல் பாதியில் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் யார் குறைவாகத் தளர்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். பார்வையாளருக்கு அது பாய்ச்சலாகத் தெரியும், உண்மையில் மற்றவர்கள் தளர்வதுதான். செக்ரடேரியட்டோ கேட்டிலிருந்து கடைசியாகக் கிளம்பி, முடிவுக் கோட்டைத் தொடும்போதும் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து வாரம் கழித்து, ஜூன் 9, பெல்மான்ட். ஒன்றரை மைல். ஐந்தே குதிரைகள். ஷாம் என்ற குதிரையும் செக்ரடேரியட்டும் ஆரம்பத்திலிருந்தே தோளோடு தோள் உரசி, ஏதோ குறுகிய தூர ஓட்டம் மாதிரி பறந்தன. முதல் அரை மைல் 46.2 விநாடி, முக்கால் மைல் 1 நிமிடம் 9.8 விநாடி. இந்த வேகத்தில் போனால் இரண்டும் கடைசியில் நடக்கத்தான் முடியும் என்று அனுபவசாலிகள் பயந்தார்கள். ஷாம் விஷயத்தில் அது பலித்தது. தளர்ந்து தளர்ந்து கடைசி இடத்துக்குப் போய்விட்டது. செக்ரடேரியட் மட்டும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜாக்கி ரான் டர்கோட் சாட்டையைத் தொடவில்லை. கடைசி நீட்டத்தில் அவர் தலையைத் திருப்பி மைதானத்து நேரப் பலகையைப் பார்க்கும் புகைப்படம் பிரபலம்: போட்டியிட வேறு யாரும் இல்லாததால் கடிகாரத்தோடு போட்டி. 2 நிமிடம் 24 விநாடி. அதற்கடுத்த சிறந்த பெல்மான்ட் நேரம் இன்றுவரை 2 நிமிடம் 26 விநாடிதான்.

ஐந்தே குதிரைகள் ஓடிய பந்தயத்தை ஜெயித்தது என்ன பெரிய விஷயம், முக்கியப் போட்டியாளரே சரிந்துவிட்டதே என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஷாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சான்டா அனிட்டா டெர்பியை ஜெயித்த குதிரை. வுட் மெமோரியல் பந்தயத்தில் செக்ரடேரியட்டை முந்திய குதிரை. அன்று செக்ரடேரியட் வாயில் சீழ்க்கட்டியோடு ஓடி மூன்றாவது வந்தது. கென்டக்கி டெர்பியில் ஸ்டார்ட்டிங் கேட்டில் முட்டிப் பற்கள் ஆட்டம் கண்ட நிலையிலும் ஷாம் 2½ லென்த் பின்னால் இரண்டாவதாக வந்தது. இறந்த பிறகு அதன் இதயத்தை எடைபோட்டபோது 18 பவுண்டு இருந்தது, சாதாரணப் பந்தயக் குதிரையினுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செக்ரடேரியட்டின் இதயத்தை யாரும் எடைபோடவில்லை. இரண்டின் உடலையும் பரிசோதித்த அதே மருத்துவர், அது 22 பவுண்டு இருக்கும் என்று கண்ணளவில் மதிப்பிட்டார். வேறு எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் ஷாம் பெரிய பெயர் எடுத்திருக்கும். பெல்மான்ட்டுக்குப் பிறகு அது ஓடவே இல்லை. செக்ரடேரியட்டின் பெருமையில் பாதி, ஷாம் மாதிரி ஒரு குதிரை தன் முழுப் பலத்தோடு மோதியதால் வந்தது. அந்த வகையில் ஷாமுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த மகா குதிரை, டிரிபிள் கிரவுன் எடுத்த அதே கோடையில் தோற்றது. ஆகஸ்ட்டில் சரடோகா மைதானத்தின் விட்னி பந்தயத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் ஒரு லென்த்தில் தோல்வி. செப்டம்பர் கடைசியில் ப்ரூவ் அவுட்டிடம் 4½ லென்த்தில் தோல்வி. இரண்டு குதிரைகளுக்கும் டிரெயினர் ஒருவரே, ஆலன் ஜெர்கன்ஸ். சரடோகாவைச் சாம்பியன்களின் சுடுகாடு என்றே அமெரிக்கர்கள் சொல்வார்கள். 1919-இல் மேன் ஓ வார் தன் 21 பந்தயங்களில் தோற்ற ஒரே பந்தயம் அங்கேதான், அப்செட் என்ற குதிரையிடம். 1930-இல் டிரிபிள் கிரவுன் எடுத்த கேலன்ட் ஃபாக்ஸ், 100-க்கு 1 என்று யாரும் சீண்டாத ஜிம் டேண்டியிடம் தோற்றது. 2015-இல் அமெரிக்கன் ஃபேரோ கீன் ஐஸிடம். இத்தனை பேர் தோற்ற பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: இவர்களெல்லாம் டிரிபிள் கிரவுனோ பெரும்பெயரோ கையில் இருக்கும்போதே அங்கே போய் ஓடினார்கள். வீட்டில் பத்திரமாக நிறுத்தி வைத்திருந்தால் தோற்றிருக்க மாட்டார்கள்.

தோற்ற பிறகு செக்ரடேரியட் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு தோல்விக்கும் நடுவில் மார்ல்பரோ கோப்பையில், தன்னைவிட வயதில் மூத்த குதிரைகளை எதிர்த்து, 1⅛ மைலுக்கு உலக சாதனை நேரத்தில் ஜெயித்தது. ப்ரூவ் அவுட்டிடம் தோற்ற ஒன்பதாவது நாளே அதுவரை ஓடியறியாத புல்தரையில் இறக்கினார்கள், அங்கும் ஜெயித்தது. அக்டோபர் கடைசியில் கனடாவில் 6½ லென்த் வெற்றியோடு விடைபெற்றது. அப்போது அதற்கு மூன்று வயது.

மூன்று வயதிலேயே ஏன் நிறுத்தினார்கள்? அந்த ஆண்டு தொடக்கத்திலேயே, இனப்பெருக்க உரிமையை 32 பங்குகளாகப் பிரித்து, பங்கு 1,90,000 டாலர் என்று மொத்தம் 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றிருந்தார்கள். மூன்று வயதோடு ஓட்டம் முடிய வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்தப் பணக்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் சாம்பியன் விவாதமே புரியாது. நல்ல ஆண் குதிரை ஓடிச் சம்பாதிப்பதைவிடப் பண்ணையில் பல மடங்கு சம்பாதிக்கும். ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் குதிரைகளோடு சேர்க்க முடியும். ஓடினால் காயம் வரலாம், தோற்று மதிப்பு குறையலாம். ஆகவே எவ்வளவு திறமையோ அவ்வளவு சீக்கிரம் ஓய்வு. பெண் குதிரை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், காயடித்த குதிரைக்கு அதுவும் இல்லை. அதனால் இவர்களைத்தான் ஆண்டுக்கணக்கில் ஓட விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வின்க்ஸ் ஏழு வயது வரை ஓடி, நான்கு முறை காக்ஸ் பிளேட் எடுத்து, கடைசி 33 பந்தயங்களைத் தொடர்ச்சியாக ஜெயித்தது. முதல் பத்தில் ஆறு தோற்ற குதிரை அது! சீக்கிரம் ஓய்வு கொடுத்திருந்தால் வின்க்ஸ் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

ஜெனியாட்டா கதை இந்த விவாதத்துக்கே எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவில் பயிற்சி பெற்ற பெரிய பெண் குதிரை. எப்போதும் கடைசியில் ஓடி, திருப்பம் தாண்டியதும் வெளிப்பக்கம் வந்து ஒவ்வொருவராக முந்தி ஜெயிக்கும். 2009-இல் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை ஆண் குதிரைகளை எதிர்த்து ஜெயித்தது. எந்தப் பெண் குதிரையும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த குதிரை விருது ரேச்சல் அலெக்ஸாண்ட்ராவுக்குப் போனது. ரேச்சல் அந்த ஆண்டு நாடு சுற்றி ஓடி, பிரீக்னஸ், ஹாஸ்கல், வுட்வர்ட் என்று மூன்று முறை ஆண் குதிரைகளைத் தோற்கடித்திருந்தது. ஜெனியாட்டாவோ பெரும்பாலும் தன் வீட்டு மைதானங்களில், செயற்கைத் தளத்தில், தன் இனப் பெண் குதிரைகளோடு ஓடியது. அந்த முடிவு சரி என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

அடுத்த ஆண்டு, 2010 நவம்பர். தோல்வியே இல்லாமல் 19 வெற்றி. 20-வது பந்தயம் கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸில், மண்தளத்தில், இரவு விளக்கொளியில், நாட்டின் சிறந்த ஆண் குதிரைகளோடு. ஆரம்பத்தில் மண் முகத்தில் தெறிக்க, ஜெனியாட்டா கூட்டத்திலிருந்தே பிரிந்து வெகுதூரம் பின்னால் கிடந்தது. எதிர்த்திசை நீட்டத்தில் மெல்ல ஒட்டிக்கொண்டது. கடைசித் திருப்பத்தில் குதிரைகளின் நடுவே புகுந்து, வெளியே வந்து, பாய்ந்தது. முன்னால் பிளேம் மட்டும் மிச்சம். கோட்டில் தலையளவு. தோல்வி. அதன் ஜாக்கி மைக் ஸ்மித் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார். அந்த ஆண்டின் சிறந்த குதிரை விருது, ஜெயித்த பிளேமுக்குக் கொடுக்கப்படவில்லை, ஜெனியாட்டாவுக்குக் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டுக்குப் பரிகாரம் செய்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு எண்ணம் சிலருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்த 20-வது பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு, முந்தைய 19 வெற்றிகளும் சொல்லாத ஒன்று தெரிந்திருந்தது. ஜெனியாட்டாவைப் பற்றி இருந்த சந்தேகம் எல்லாம் அது தோற்ற அன்றைக்குத்தான் தீர்ந்தது.

தோற்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. 1975-இல் ரஃபியன் என்ற கரிய பெண் குதிரை பத்துக்குப் பத்து ஜெயித்திருந்தது. பத்திலும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு கட்டத்தில்கூடப் பின்தங்கவில்லை. அந்த ஆண்டு கென்டக்கி டெர்பியை ஜெயித்தது ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆண் குதிரை. எது பெரியது என்ற பேச்சு நாடெங்கும் பரவ, இரண்டையும் மட்டும் தனியாக ஓடவிட்டுத் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஜூலை 6, பெல்மான்ட் மைதானம். தொலைக்காட்சியில் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ரஃபியன் சற்றே முன்னால் போய்க்கொண்டிருந்தபோது அதன் வலது முன்னங்கால் எலும்புகள் நொறுங்கின. ஜாக்கி இழுத்து நிறுத்தப் பார்த்தார்; அது நிற்க மறுத்து உடைந்த காலோடு ஓடியது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மிரண்டு உதைத்து, காலில் போட்ட மாவுக்கட்டையெல்லாம் உடைத்துக்கொண்டது. மறுநாள் விடிவதற்குள் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பந்தயத்தால் யாருக்கும் எந்த விடையும் கிடைக்கவில்லை. மனிதர்களின் வாக்குவாதத்தைத் தீர்ப்பதற்காக ஒரு குதிரையை ஓட வைப்பது வேறு, பந்தயத்தின் இயல்பான சோதனைகளை அது எதிர்கொள்வது வேறு. குதிரை நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்த பிறகுதான் மற்ற எந்தக் கேள்வியும்.

எடை என்ற சோதனையைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றிலும் இதையே நான் உயர்வாக நினைக்கிறேன். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து தேவையான எடை வராவிட்டால், சேணத்தோடு சேர்ந்த துணிப் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஒரு குதிரை ஜெயிக்க ஜெயிக்க ஈயம் கூடிக்கொண்டே போகும். மேன் ஓ வார் மூன்று வயதிலேயே 138 பவுண்டு, அதாவது 62 கிலோவுக்கு மேல் சுமந்து ஜெயித்தது. நான்கு வயதிலும் ஓடவிட்டால் எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று அதன் ஓனர் சாமுவேல் ரிடில் கேட்டபோது, ஹேண்டிகேப் போடுகிற வால்டர் வாஸ்பர்க், இதுவரை எந்தக் குதிரையும் சுமக்காத எடை என்று சொன்னார். ரிடில் அத்தோடு குதிரையை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓய்வுக்குப் போகாமல் அந்த எடையைச் சுமந்த ஒரு குதிரை உண்டு.

ஃபோர்கோ. செக்ரடேரியட் பிறந்த அதே 1970-இல் பிறந்தது. செக்ரடேரியட் சாதனை படைத்த அந்த கென்டக்கி டெர்பியிலும் ஓடி நான்காவதாக வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரம்மாண்ட உடம்பு, கட்டுக்கு அடங்காத குணம், அதனால் சிறு வயதிலேயே காயடித்துவிட்டார்கள். பண்ணை வருமானம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால் ஓடுவது ஒன்றுதான் அதற்கு வேலை. 1974-இல் 7 ஃபர்லாங் வாஸ்பர்க் பந்தயத்தை 131 பவுண்டு சுமந்து ஜெயித்தது, ஆமாம், அதே வாஸ்பர்க் பெயரில் நடக்கும் பந்தயம்தான். சில வாரங்களிலேயே இரண்டு மைல் ஜாக்கி கிளப் தங்கக் கோப்பையையும் ஜெயித்தது. நூறு மீட்டர் ஓட்டக்காரரிடம் யாரும் நெடுந்தூர ஓட்டத்தையும் ஜெயிக்கச் சொல்வதில்லை. ஃபோர்கோ ஒரே பருவத்தில் கேட்காமலே செய்தது. 1974, 75, 76 மூன்று ஆண்டும் சிறந்த குதிரை விருது. மொத்தம் 57 பந்தயத்தில் 34 வெற்றி, 23 தோல்வி.

கால்கள்தான் பிரச்சினை. அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்கிய கணுக்கால் எலும்புகள் எப்போதும் தொல்லை கொடுத்தன. குளிர்ந்த நீரை நெடுநேரம் அடித்து அடித்துத்தான் ஓட்டத்துக்குத் தயார் செய்வார்கள். 1976-இல் அதைப் பொறுப்பேற்ற டிரெயினர் ஃபிராங்க் வைட்லி. ரஃபியனை இழந்த அதே வைட்லி. கால் விஷயத்தில் அவருக்கு இருந்த பயம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் சபர்பன் பந்தயத்தில் ஃபோர்கோவுக்கு 134 பவுண்டு, ஃபூலிஷ் பிளஷருக்கு 125. மூக்கு நுனி வித்தியாசத்தில் ஃபோர்கோ தோற்றது. அக்டோபர் 2 அன்று பெல்மான்ட்டில் மார்ல்பரோ கோப்பை, ஒன்றேகால் மைல். இந்த முறை 137 பவுண்டு. முன்னால் ஓடிக்கொண்டிருந்த மூன்று வயது ஹானஸ்ட் பிளஷருக்கு 119. இரண்டுக்கும் 18 பவுண்டு, ஏறக்குறைய 8 கிலோ வித்தியாசம். மழையில் பாதை சேறாகியிருந்தது, ஃபோர்கோவுக்குச் சேறு ஆகாது. ஜாக்கி பில் ஷூமேக்கர் அவசரப்படுத்தாமல் பின்னால் வைத்திருந்தார். கடைசி நீட்டத்துக்குள் நுழையும்போது ஹானஸ்ட் பிளஷர் எட்டாத தூரத்தில் இருந்தது. ஃபோர்கோ பாதையின் நடுப்பகுதிக்கு வந்து, சேற்றில் அந்த நீண்ட தாவலைப் போட ஆரம்பித்தது. கடைசி இருநூறு மீட்டரில்கூட முடியாது என்றுதான் தோன்றும். ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம், கொஞ்சம் என்று இடைவெளி கரைந்து, கோட்டில் மயிரிழையில் முந்தியது.

மிகச் சிறந்த ஒரு நாளைக் காட்டு என்றால் 1973 பெல்மான்ட்டைக் காட்டுவேன். அதற்கு மேல் ஒரு குதிரை ஓடும் என்று நான் நம்பவில்லை. மிகச் சிறந்த சாம்பியனைக் காட்டு என்றால் 23 முறை தோற்ற ஃபோர்கோவைக் காட்டுவேன். செக்ரடேரியட்டை நான்கு வயதிலும் ஓடவிட்டிருந்தால் இந்தப் பதில் மாறியிருக்கலாம். 1974-இல் அதற்கும் ஈயம் ஏற்றியிருப்பார்கள், எதிரே ஃபோர்கோ நின்றிருக்கும். அந்த ஒப்பந்தத்தால் நமக்குக் கிடைக்காமல் போன பந்தயம் அதுதான்.